பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும்

சனிக்கிழமை எண்டால் மற்ற ஆக்களுக்கு நித்திரை, எனக்குச் சரித்திரம். லண்டன் ஹரோவில ஒரு பள்ளிக்கூடத்தை வாடகைக்கு எடுத்து நடக்கிற தமிழ்ப் பள்ளியில, மொழி வகுப்பு முடிஞ்ச கையோட பெரிய பிள்ளையளுக்குச் சரித்திரம் எண்டு ஒரு பாடம். அதை எடுக்க ஒருத்தரும் முன்வரேல்லை. ஊரில சரித்திரம் படிச்சுப் பட்டம் எடுத்த ஒரே குற்றத்துக்காக அது என்ர தலையில விழுந்தது. கிழமை நாளில நான் ஒரு ஆரம்பப் பள்ளியில உதவி ஆசிரியை. நாள் முழுக்கக் குனிஞ்சு சின்னனுகளின்ர சப்பாத்தைக் கட்டி, மூக்கைத் துடைச்சு, இடுப்பு, நாரி எல்லாம் முறிஞ்சுதான் வீட்டை வாறன். சனிக்கிழமையும் வெள்ளன எழும்பு எண்டால் உடம்பு என்ன இரும்போ?

சரி, வாறது வாறன். ஆனால் படிப்பிக்க என்னத்தை வைச்சுப் படிப்பிக்கிறது? எங்களிட்டை இருந்த புத்தகம் ஐரோப்பாவில எங்கையோ எந்தக் காலத்திலயோ அச்சடிச்சது. முதல் பக்கத்தில இருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் ராசாமார். ஒருத்தன் படையெடுத்தான், மற்றவன் தோத்தான், தோத்தவன்ர மகன் திரும்பப் படையெடுத்தான். இஞ்ச பிறந்த பிள்ளையள் அதைக் கேட்டு என்ன செய்யிறது? பெடியள் மேசைக்குக் கீழ போனை நோண்டினவை. பெட்டையள் கொஞ்சம் மரியாதை, கண்ணைத் திறந்துகொண்டு நித்திரை கொண்டவை. நான் அதிபரிட்டைப் போய் உந்தப் புத்தகத்தை வைச்சு இனி ஏலாது எண்டு சொன்னன். கணக்காளரா இருந்து ஓய்வெடுத்த மனுசன், நல்லவர், நான் அண்ணை எண்டுதான் கூப்பிடுறனான். அவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கொண்டு, "இன்ரநெற்றில எல்லாம் சும்மா கொட்டிக் கிடக்குது ரீச்சர், தேடி எடுங்கோவன்" எண்டார்.

அண்டைக்குத் தொடங்கினது என்ர சீரழிவு. அவருக்கென்ன, சொல்லிப்போட்டுக் கன்ரீனுக்குப் போய் மீன் ரோல்ஸ் சாப்பிட்டார். நான் வேலைக்குப் போற ரெயினில, வாற ரெயினில, சோறு அவியிற நேரத்தில, எல்லா நேரமும் போனும் கையுமாத் தேடினன். ஒண்டு சொல்றன் கேளுங்கோ, சும்மா எண்டு எழுதிக் கிடந்தால் நம்பக்கூடாது. முதல்ல ஈமெயிலைக் கேக்கும். குடுத்தால், நீ ஆர், எந்தப் பள்ளிக்கூடம், என்ன வயசுப் பிள்ளையள் எண்டு கேக்கும். பொம்பிளை பாக்க வந்த வீட்டுக்காரர் மாதிரி எல்லாத்தையும் விசாரிச்சு முடிஞ்சாப் பிறகு, கொஞ்ச நாளைக்குத்தான் சும்மா, இப்ப கார்ட் நம்பரைப் போடு எண்டு வரும். எனக்கு வந்த கொதிக்குப் போனைத் தூக்கி எறிஞ்சிருப்பன்.

உண்மையாச் சும்மா கிடைக்கிறதும் இருக்குது, இல்லையெண்டு சொல்லேல்லை. ரோமாபுரிக்காரரைப் பற்றி வேணுமோ, லண்டனில வந்த கொள்ளை நோயைப் பற்றி வேணுமோ, பெண்சாதிமாரை மாத்தி மாத்திக் கட்டின ராசாவைப் பற்றி வேணுமோ, அள்ளி அள்ளித் தருவாங்கள். வடிவான படம், வரைபடம், கேள்வித்தாள், எல்லாம் கலர் கலரா. எங்களைப் பற்றித் தேடினால் ஒரு தேயிலைத் தோட்டம், ஒரு யானை, ஒரு கடற்கரை. அவ்வளவுதான் நாங்கள்.

எங்கட ஆக்கள் செய்ததைப் பாப்பம் எண்டு போனால் அது வேற கூத்து. ஒரு காலத்தில ஊர் ஊருக்கு இணையத்தளம் துவங்கி எழுதித் தள்ளினவை. திறந்தால் தமிழ் எழுத்தே தெரியாது. பழைய எழுத்துருவில அடிச்சபடியால் இப்ப இங்கிலிஷ் எழுத்தும் கமாவும் புள்ளியுமாச் சிதறிக் கிடக்கும். அங்க ஆரோ ஒரு மனுசன் வேலையால வந்த களையோட இருந்து தன்ர ஊரின்ர குளத்தையும் கோயிலையும் பற்றி அடிச்சிருப்பார், பாவம், இப்ப அவருக்கே அதை வாசிக்கேலாது. இன்னொண்டைத் திறந்தால் சூதாட்ட விளம்பரம். ஊரின்ர பேரை வைச்சுக்கொண்டு சூதாடக் கூப்பிடுறாங்கள். வீடியோவுக்குப் போனால், உலகத்தில முதல் பிறந்தவன் தமிழன்தான் எண்டு ஒருத்தர் பறை மேளத்துக்கு நடுவில கத்துறார். அதையும் ஒருக்கா வகுப்பில போட்டுப் பாத்தன். ஒரு பெடியன் கையை உயர்த்தி, "ரீச்சர், ஆதாரம் எங்க?" எண்டு இங்கிலிஷில கேட்டான். இஞ்சத்தைப் பள்ளிக்கூடத்தில அவங்களுக்கு அதைத்தான் முதல் பழக்கிறாங்கள். நான் வீடியோவை நிப்பாட்டினன்.

பிறகு ஒருநாள் காலமை ரெயினுக்குள்ள கண்டுபிடிச்சன். கண்டுபிடிச்சன் எண்டு சொல்லக்கூடாது, தினம் பாக்கிறதுதான். எங்கட ஆக்களுக்குக் காலமைத் தேத்தண்ணியோட முதல் வேலை, மரண அறிவித்தல் போடுற இணையத்தளத்தைத் திறந்து ஆர் செத்தது எண்டு பாக்கிறது. தெரிஞ்ச ஆள் எண்டால் போன் எடுக்க வேணும், செத்தவீட்டுக்கு லீவு கேக்க வேணும். அண்டைக்கு ஒரு வயசான மனுசியின்ர அறிவித்தல். மலேசியா ஈப்போவைப் பிறப்பிடமாகவும், சுழிபுரம், வெள்ளவத்தை, ஜெர்மனி டோர்ட்மண்ட் ஆகிய இடங்களை வதிவிடமாகவும், லண்டன் ஹரோவைத் தற்காலிக வதிவிடமாகவும் கொண்டவ. இதை எத்தினை வருசமாப் பாத்திருப்பன், ஒருநாளும் வாசிச்சதில்லை. அண்டைக்குத்தான் வாசிச்சன். ஈப்போவில ஏன் பிறந்தவ? தகப்பன் வெள்ளைக்காரன்ர ரெயில்வேயில கிளாக்கராப் போயிருப்பார். ஊருக்கு ஏன் திரும்பினவை? பென்சன் எடுத்துக்கொண்டு வந்திருப்பினம். வெள்ளவத்தைக்கு ஏன் ஓடினது, ஜெர்மனிக்கு ஏன் போனது, அங்க இருந்து ஏன் இஞ்ச வந்தது? நான் படிப்பிக்க வேண்டிய சரித்திரம் முழுக்க ஒரு வசனத்துக்குள்ள கிடந்தது. அதுவும் உண்மையாவே சும்மா.

பழைய அறிவித்தல்களாப் பாத்து எடுத்தன். வீட்டில அச்சடிச்சு, படத்தையும் பேரையும் கத்தரிக்கோலால வெட்டி எறிஞ்சுபோட்டு, ஊர்களையும் பிறந்த, செத்த திகதிகளையும் மட்டும் வைச்சன். அவ்வளவு கவனம் நான். வாடகைப் பள்ளிக்கூடத்தின்ர சுவரில ஒண்டும் ஒட்டக்கூடாது, அவையின்ர ஸ்மார்ட் போர்ட்டைத் தொடவும் கூடாது. அதால ஒரு பெரிய உலக வரைபடத்தைச் சுருட்டிக் கொண்டு போய் நிலத்தில விரிச்சன். பிள்ளையள் சுத்திவர இருந்து ஆளுக்கொரு நிறக் கம்பளி நூலால ஊருக்கு ஊர் இழுத்து ஒட்டினவை. அண்டைக்குத்தான் முதல் முதல் அந்த வகுப்பில ஒருத்தரும் போனைத் தொடேல்லை. நூல் எல்லாம் மலேசியாவுக்குப் போய்த் திரும்பி வருது, கொஞ்சக் காலம் அசையாமல் கிடக்குது, பிறகு திடீரெண்டு நாலு பக்கமும் சிதறுது. "ரீச்சர், இந்த நேரம் என்ன நடந்தது?" எண்டு அவையளே கேட்டவை. ஒருத்தி, "கடைசி வரைக்கும் ஹரோவில இருந்துபோட்டு ஏன் தற்காலிகம் எண்டு போட்டிருக்கு?" எண்டு கேட்டாள். அண்டைக்கு நாரி நோகவும் இல்லை. சந்தோசமா இருந்தது, மெய்யாச் சொல்றன்.

அந்தச் சந்தோசத்தில வாய் சும்மா இருந்திருக்கலாம். வகுப்பு முடியிற நேரம், வீட்டில கேட்டு உங்கட சொந்தத்தில ஒராளின்ர அறிவித்தலைத் தேடிக் கொண்டு வாங்கோ எண்டு சொல்லிப்போட்டன்.

அடுத்த சனிக்கிழமை நான் வாசலுக்குள்ள காலை வைக்க முதலே தொடங்கியிட்டுது. ஒரு தாய், விரத நாளில செத்தவீட்டுக் கடுதாசியைப் பிள்ளை சாமியறைக்குப் பக்கத்தில வைச்சுப்போட்டாள் எண்டு புறுபுறுத்தா. இன்னொராள், செத்தவீட்டுத் துடக்கை எல்லோ ரீச்சர் வீட்டுக்குள்ள அனுப்பிறா எண்டு எனக்குக் கேக்கத்தக்கதாச் சொன்னார். அதிபர் என்னைக் கண்டதும் கண்ணாடியைக் கழட்டித் துடைக்கத் தொடங்கினார். "அவையளுக்குச் சகுனம் எண்டால் பெரிய விசயம் ரீச்சர், உந்த வேலையை விட்டுப்போட்டு வேற எதையும் தேடுவமே" எண்டார். ஐயோ, திரும்பவும் தேடவோ? எனக்கு அழுகைதான் வந்தது.

அப்பதான் அந்தத் தகப்பன் வந்தார். தற்காலிகம் ஏன் எண்டு கேட்ட பெட்டையின்ர தகப்பன். பிரான்ஸில கன காலம் இருந்துபோட்டு இஞ்ச வந்து வெம்பிளியில கடை வைச்சிருக்கிறவர், அதிகம் கதையாத மனுசன். மகள் அவருக்குப் பின்னால நிண்டாள், அழுது கண் வீங்கியிருந்தது.

"ரீச்சர், பிள்ளையளுக்குப் படிப்பிக்க உங்களுக்கு வேற ஒண்டும் கிடைக்கேல்லையோ?"

"கிடைக்கேல்லைத்தான், கிடைச்சால் கொண்டு வந்து தாங்கோ" எண்டு நானும் வெடுக்கெண்டு சொன்னன். அவர் பதிலுக்குக் கத்துவார் எண்டு நினைச்சன். மனுசன் கத்தேல்லை. கதவோரமா என்னைக் கூட்டிக்கொண்டு போய்ச் சத்தத்தைக் குறைச்சுச் சொன்னார்.

அவரின்ர சொந்த அண்ணை, வன்னியில கடைசிச் சண்டை முடிஞ்ச கையோட, ஆமிக்காரர் பேர் பதிஞ்சு ஏத்தின பஸ்ஸில ஏறினவர். ஏறினதை அண்ணி கண்ணால கண்டவ. அதுக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை, கேக்காத இடம் இல்லை. அண்ணி தனிய இஞ்ச வந்து, அகதிக் கேஸ் சரிவந்து, இவையளோடதான் இருக்கிறா. இத்தினை வருசமாத் தாலியும் கழட்டேல்லை, குங்குமப் பொட்டு இல்லாமல் அறையை விட்டு வெளியில வந்ததும் இல்லை. புதன்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு எல்லாரும் இருக்கேக்க, மகள் போனில பெரியப்பாவின்ர பேரை அடிச்சுத் தேடியிருக்கிறாள். பிறகு நிமிர்ந்து, "பெரியம்மா, பெரியப்பாவுக்கு ஏன் ஒருத்தரும் அறிவித்தல் போடேல்லை?" எண்டு கேட்டாளாம்.

"அண்ணி ஒண்டும் சொல்லேல்லை ரீச்சர். எழும்பிக் கையைக் கழுவிப்போட்டு அறைக்குப் போனவதான். வியாழக்கிழமையில இருந்து பொட்டு வைக்கிறேல்லை. ஒழுங்காச் சாப்பிடுறேல்லை. வெஸ்ட் ஈலிங் கோயிலுக்கும் போகேல்லை." மகளை ஒருக்காத் திரும்பிப் பாத்தார். "எங்களுக்கு அவவிட்டை என்ன கதைக்கிறது எண்டு தெரியேல்லை. நீங்கள் தொடக்கினது, நீங்கள் வந்து கதையுங்கோ."

பேரை வெட்டினன், படத்தை வெட்டினன், கவனம் கவனம் எண்டு கத்தரிச்சு எறிஞ்சன். எங்கட ஆக்களில பாதிப் பேருக்கு அப்பிடி ஒரு அறிவித்தலே போடேலாமல் இருக்குது எண்டது எனக்கு எப்பிடி மறந்தது? எனக்கு ஏலாது எண்டு சொல்லத்தான் வாய் வந்தது. ஒரு மனுசியின்ர நெத்தியில இருந்ததை நான் அழிச்சுப்போட்டன், இனி நான் போய் என்னத்தைச் சொல்றது? ஆனால் அந்தப் பிள்ளை என்னைப் பாத்துக்கொண்டு நிண்டாள். வகுப்பை வேற ஒராளிட்டைக் குடுத்துப்போட்டு அவரின்ர காரில ஏறினன்.

வெம்பிளிக்குள்ள போய்ச் சனிக்கிழமைச் சனத்துக்கு நடுவில கார் ஊர்ந்தது. பின் சீற்றில இருந்து, "சொறி ரீச்சர்" எண்டு மெல்லமா ஒரு சத்தம். "நீ ஏன் சொறி சொல்றாய், நான் தந்த வேலையைத்தானே செய்தனீ" எண்டு சொன்னன். கொஞ்சம் கடுமையாத்தான் வந்திட்டுது, எனக்கு என்னிலதான் கொதி.

கதவைத் திறந்தது அந்த அண்ணிதான். என்ர வயசுதான் இருக்கும். கழுத்தில தாலிக்கொடி தெரிஞ்சுது, நெத்தி வெறுமையா இருந்தது. என்னை ஆர் எண்டு தெரிஞ்சதும், "பிள்ளையை ஏசினவையோ?" எண்டு முதல் கேட்டா. இல்லை எண்டன். "ஏசக்கூடாது" எண்டு சொல்லிப்போட்டு என்னை இருக்கச் சொன்னா. அவவின்ர மைத்துனர், பிள்ளையின்ர தகப்பன், சுவரோட நிண்டார். மகளை மேல போகச் சொன்னார்.

"அக்கா, பிள்ளையில பிழை இல்லை. நான்தான் அந்த வேலையைக் குடுத்தது. யோசிக்காமல் குடுத்திட்டன், மன்னிச்சுக்கொள்ளுங்கோ" எண்டன்.

"அவள் தேடினதில எனக்குக் கோவமில்லை ரீச்சர்" எண்டா. "நானும் தேடுறனான். இவையள் எல்லாம் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போனாப் பிறகு, நானும் அந்த அறிவித்தல் தளத்தில அவரின்ர பேரை அடிச்சுப் பாக்கிறனான். கனடாவில, ஒஸ்ரேலியாவில ஆராவது சொந்தக்காரர், எனக்குச் சொல்லாமல் போட்டிருப்பினமோ எண்டு."

மைத்துனர் தலையை நிமிர்த்தினார். அவருக்கு இது புதுசு எண்டு முகத்தில தெரிஞ்சுது.

"அண்ணி, அப்பிடி ஆர் போடப் போகினம்..."

"பொறுங்கோ தம்பி." அவ என்னைப் பாத்துத்தான் கதைச்சா. "அண்டைக்குப் பிள்ளை கேட்டவள், ஏன் போடேல்லை எண்டு. நான் எல்லாற்ற முகத்தையும் பாத்தன். அவர் இருக்கிறார் எல்லோ, அதால போடேல்லை எண்டு ஆராவது சொல்லுவினம் எண்டு பாத்துக்கொண்டு இருந்தன். தம்பி சொல்லுவார் எண்டு பாத்தன். தம்பியின்ர மனுசி சொல்லுவா எண்டு பாத்தன். எல்லாரும் சாப்பாட்டுக் கோப்பையைப் பாத்துக்கொண்டு இருந்தவை. அப்பதான் ரீச்சர் விளங்கிச்சுது. இவையள் எப்பவோ முடிவு கட்டிப்போட்டினம். எனக்காகத்தான், ஒரு வருத்தக்காரிக்கு நோயை மறைக்கிற மாதிரி, எனக்கு நோகக்கூடாது எண்டு இவ்வளவு நாளும் பேசாமல் இருந்திருக்கினம். இத்தினை வருசமா இந்த வீட்டில நான் மட்டும்தான் அவருக்குக் காத்துக்கொண்டு இருந்திருக்கிறன்."

மைத்துனர் மற்றப் பக்கம் திரும்பினார். பிறகு சுவரைப் பாத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழத் தொடங்கினார். அவ எழும்பிப் போய் ஆறுதல் சொல்லேல்லை. கையை மடியில வைச்சுக்கொண்டு இருந்தா.

"நீங்கள் சரித்திரம் படிச்சனீங்கள். நீங்கள் சொல்லுங்கோ. அவர் இருக்கிறாரோ, இல்லையோ?"

எனக்குக் களைப்பாக் கிடந்தது. கிழமை முழுக்க இருந்த களைப்பு, அதுக்கு மேல இது. இருக்கிறார் அக்கா எண்டு சொல்லிப்போட்டு எழும்பி வந்திருக்கலாம், எத்தினை பேர் அவவுக்கு அப்பிடிச் சொல்லிப்போட்டு எழும்பிப் போயிருப்பினம். மனதைத் தேற்றிக்கொள்ளுங்கோ எண்டு மற்றப் பக்கத்தாலயும் சொல்லியிருக்கலாம். ரெண்டும் பொய்யாத்தான் இருந்திருக்கும். பொய் சொல்லுற அளவுக்கு எனக்கு உடம்பில தென்பும் இல்லை.

"தெரியாது அக்கா" எண்டன். "எனக்குத் தெரியாது. தம்பிக்கும் தெரியாது. ஏத்தினவங்கள் வாயைத் திறக்கும் வரைக்கும் இஞ்ச ஒருத்தருக்கும் தெரியாது. இருக்கிறார் எண்டு சொல்லவும் ஆதாரம் இல்லை, இல்லை எண்டு சொல்லவும் ஆதாரம் இல்லை."

கோவிக்கப் போறா எண்டு நினைச்சன். "இதை இவ்வளவு நாளும் எனக்கு முன்னால ஒருத்தரும் சொல்லேல்லை" எண்டு சொல்லிப்போட்டு எழும்பித் தன்ர அறைக்குள்ள போனா.

நானும் அவரும் தனிய இருந்தம். அவர் கைலேஞ்சியால முகத்தைத் துடைச்சார். நான் போய்விடலாமோ எண்டு யோசிச்சு என்ர பாக்கைத் தேடினன்.

அவ திரும்பி வரேக்க முகம் கழுவியிருந்தா. நெத்தியில பொட்டு இருந்தது, அவசரத்தில வைச்சதோ என்னவோ கொஞ்சம் பெரிசா. எனக்குத் தேத்தண்ணி போடவோ எண்டு கேட்டா. நான் ஓம் எண்டன். குசினிப் பக்கம் ரெண்டு அடி வைச்சவ நிண்டு மைத்துனரைப் பாத்தா.

"பிள்ளை திரும்பக் கேப்பாள் தம்பி. கேட்டால் தெரியாது எண்டு சொல்லுங்கோ. என்ர முகத்தைப் பாத்துச் சொல்லுங்கோ."